எம்.ஃபில்.லுக்கு லட்டு கொடுத்த நாள்

1

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். வெளியே இருட்டு. இந்த ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். கெட்டிலைப் போட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து டைரியில் குறித்தேன்: மூன்று டிகிரி, தூறல். நேற்று வைத்த சாம்பாரையும் சோற்றையும் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். என் மனைவி இரவுப் பணி முடிந்து மருத்துவமனையிலிருந்து வருவதும் நான் கிளம்புவதும் ஒரே நேரம். வாசலில் சந்தித்தோம். "அரிசி ஊற வைத்திருக்கிறேன்" என்றேன். "சரி, குடையை எடுத்துக்கோ" என்றாள். எங்கள் வார நாட்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தொடங்குகின்றன.

நான் வேலை பார்ப்பது ஸ்காட்லாந்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். வேதியியலும் உயிரியலும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. மேல் மாடிகளில் வேதியியல், தரைத்தளத்தில் உயிரியல், நிலவறையில் நான். என் பொறுப்பில் இருக்கும் கருவி, ஒரு திரவத்துக்குள் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று எடை போட்டுச் சொல்லும். திண்டிவனத்தில் என் தங்கை அற்புதத்தின் கணவர் லூர்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் மூட்டை எடை போடுகிறார். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலுதான் மச்சான். உனுக்கு ஏசி, எனுக்கு தூசி" என்பார்.

அவர்களுடைய மகள் ஸ்டெல்லா பதினான்கு மாதங்களாக எங்கள் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் விழுப்புரம் போய் எம்.எஸ்சி. முடித்தவள். அவளுடைய ஆய்வுக்கு இரண்டு வழிகாட்டிகள்: வேதியியலில் ஒரு பேராசிரியர், உயிரியலில் ஒரு பேராசிரியை. மாடியில் ஒரு மருந்துப் பொருளைத் தயாரித்து, அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி, கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின் மேல் விட்டு, வளர்ச்சி நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மாடியில் அவளை 'அந்த உயிரியல் பெண்' என்பார்கள். கீழே 'அந்த வேதியியல் பெண்'.

நிறுவனத்துக்குள் என்னை 'மாமா' என்று கூப்பிடக் கூடாது என்பது நான் அவளுக்குப் போட்ட ஒரே விதி. 'சார்' என்கிறாள். எல்லோருமே அவளுக்கு சார், மேடம்தான். தங்களைப் பெயர் சொல்லி அழைக்கும்படி பேராசிரியர்கள் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறந்தேன். அப்போதுதான் தங்கை கூப்பிட்டாள். அங்கே மாலை ஆறு மணி.

2

"அண்ணா, சாப்ட்டியா? சேதி தெரியுமா? உன் மருமவ எம்.ஃபில் வாங்கப் போவுது!"

"யார் சொன்னது?"

"அதுதான் காலைல போன் பண்ணிச்சி. நேத்து மீட்டிங்காம். ரெண்டு புரொபசரும் உக்காந்து பேசி, நீ எம்.ஃபில்லுக்கு எழுதிக் குடுத்துரும்மான்னு சொல்லிட்டாங்களாம். பதினாலே மாசத்துல! மூணு வருசம் நாலு வருசம் ஆவும்னு நீ சொல்லிக்கினு இருந்த. என் பொண்ணு எப்பிடி? ஜல்தி முடிச்சிச்சா இல்லியா?"

என் கையில் கரண்டி இருந்தது. அதைச் சோற்றில் குத்தி நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

"அற்புதம், எம்.ஃபில்.னுதான் சொன்னாளா? வேற ஏதாவது..."

"எம்.ஃபில்தாண்ணா. எனுக்குத் தெரியாதா? அதுக்கு இருந்த வாத்தியாருங்க பேரு பின்னாடி எல்லாம் பாத்திருக்கறனே. தெருவுக்கே லட்டு குடுத்தாச்சி. மண்டிக்கு ரெண்டு கிலோ. ஃபாதருக்குத் தனியா. ஞாயித்துக்கெழம பூசையில பேரு சொல்றேன்னாரு."

"லூர்து எங்கே?"

"விழுப்புரம் போய்க்கினு கீறாரு. டிஜிட்டல் பேனரு அடிக்க. மத்தியானமே சொல்லி வெச்சாச்சி. வாங்கியாந்து ராத்திரியே தெருமொனையில கட்டிருவாரு."

"பேனர் எல்லாம் இப்ப வேண்டாம்மா. கொஞ்சம் இரு."

"ஏண்ணா, கண்ணு பட்ரும்னா? படட்டும். நம்ம ஊட்டுப் பேரு எந்தப் பேனர்ல வந்துச்சி சொல்லு? கல்யாணப் பேனர்ல கூட வரல. நாலு பேரு அண்ணாந்து பாக்கட்டும்."

எங்கள் அப்பாவும் அம்மாவும் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் ஊரார் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

சோறு ஆறிப்போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்களுக்கெல்லாம் எம்.ஃபில். ஒரு படி. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே அதை நிறுத்திவிட்டார்கள்; அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. நான் படித்த கல்லூரியின் தாழ்வாரத்தில் ஒவ்வொரு துறை வாசலிலும் ஆசிரியர்களின் பெயர்ப்பலகை இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும்: எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. கடைசிப் பெட்டி இன்னும் வந்து சேராதவர்கள் அதை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்வார்கள். படித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஓய்வு பெறும்வரை அடைப்புக்குறி திறக்காதவர்களும் உண்டு. அதற்காக யாரும் அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை. எம்.ஃபில். இருந்தால் அடுத்தது வரும் என்பது ஊர் நம்பிக்கை.

இங்கே எம்.ஃபில். படி இல்லை. மாடிப்படியின் நடுவில் இருக்கும் பக்கவாசல். முதல் வருட முடிவில் ஒரு மதிப்பாய்வுக் கூட்டம் நடக்கும். 'இந்த ஆய்வு முனைவர் பட்டம் வரை போகாது' என்று வழிகாட்டிகள் முடிவு செய்தால், மாணவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், 'இதுவரை செய்ததை எழுதிக் கொடு, எம்.ஃபில். தருகிறோம்' என்பார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். மென்மையான குரலில், தேநீர் கொடுத்து, கையைப் பிடித்துச் சொல்வார்கள். ஆனால் சொல்வது அதைத்தான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் இங்கே நேர்காணலுக்கு உட்கார்ந்தபோது, என் விண்ணப்பத்தில் எம்.ஃபில். என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் மிகவும் கனிவாக, "என்ன தவறு நடந்தது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தவறா? முதல் வகுப்பில் தேறினேன்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அன்றைக்குப் பிறகு என் நினைவுக்கு வரவே இல்லை. இப்போதுதான், ஆறிப்போன சோற்றுக்கு முன்னால், அந்தப் பெரியவரின் குரலோடு வந்தது.

லட்டு என்ற சொல்லும் வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்ணை ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அதற்குத் திண்டிவனத்தில் ஒரு தெருவே லட்டு தின்றுகொண்டிருக்கிறது. தின்ன வைத்தவளும் அவள்தான். அப்படியானால் அவளுக்கே இது தெரியாது.

4

நான்காவது மாடிக்குப் போனேன். ஸ்டெல்லா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், நானே கீழ வரலாம்னு இருந்தேன். லட்டுக்கு எங்க போறது? சாக்லேட் வாங்கி வெச்சிருக்கேன்."

"கொஞ்சம் வெளியே வாம்மா."

மாடிப்படி முடக்கில் நின்றோம். அங்கே யாரும் வர மாட்டார்கள். எல்லோரும் லிஃப்டில் போவார்கள்.

"நேற்றுக் கூட்டத்தில் என்ன சொன்னார்கள்? நடந்ததை அப்படியே சொல்லு."

"ஏன் சார்?"

"சொல்லு."

"மொதல்ல டேட்டா பத்தியே பேசிக்கினு இருந்தாங்க. மருந்து மூணு தடவ வேல செஞ்சிச்சி, ரெண்டு தடவ செய்யல. ஏன்னு கேட்டாங்க. பாக்கறேன் சார்னேன். அப்புறம் மேடம்தான் ஆரம்பிச்சாங்க. நீ எம்.ஃபில்லுக்கு எழுதலாம்னு நாங்க பரிந்துரை பண்றோம், உனுக்கு இது ஓகேவான்னு. ஓகே மேடம்னேன். நெஜமாவான்னாங்க. எஸ் மேடம், தேங்க்யூ மேடம், வெரி ஹாப்பின்னேன்."

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம் என் கையப் புடிச்சிக்கினு, யூ ஆர் வெரி பிரேவ்னாங்க. இன்னாடா இது, எம்.ஃபில்லுக்கு எதுக்கு தைரியம்னு நெனச்சேன். அப்புறம் லேபுக்கு வந்து சொன்னனா, பக்கத்துல ஒரு ஃப்ரெஞ்சுப் பொண்ணு இருக்குதில்ல, அது கட்டிப் புடிச்சி அழுதுடுச்சி சார். என் மேல அவ்ளோ பாசம்னு எனுக்கே தெரியாது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேல்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்கவில்லை. இங்கே எம்.ஃபில். என்றால் என்ன என்று மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தேன்.

"இல்ல மாமா" என்றாள். விதியை மறந்துவிட்டாள். "எம்.ஃபில் முடிச்சாதான பிஎச்.டி.?"

"அது நம்ம ஊர்ல."

"ஹேண்ட்புக்ல எம்.ஃபில் இருக்குதே. நான் படிச்சேனே."

"இருக்கும். எதுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்காது. இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள்."

கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக. நீல உறை உள்புறம் வெளியே வந்து தொங்கியது.

"அப்ப என்னை வெளிய அனுப்பறாங்க."

"ஆமாம்."

"நான் தேங்க்யூன்னேன்."

"ஆமாம்மா."

"வெரி ஹாப்பின்னேன் மாமா."

கீழ்த்தளத்தில் ஏதோ கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு இருவரும் திடுக்கிட்டோம்.

"அம்மா லட்டு குடுத்துட்டாங்க" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

5

அவள் செல்பேசியில் கூட்டத்தின் அறிக்கை வந்திருந்தது. 'மாணவி பரிந்துரையை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று கடைசி வரி. கேட்டதைக் கேட்டபடி நேர்மையாக எழுதியிருந்தார்கள். அறிக்கை வெள்ளிக்கிழமை நண்பகல் பட்டத்தை முடிவு செய்யும் குழுவுக்குப் போகும். அதற்குள் மாணவி ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம். மூன்று மாத அவகாசத்தில் மறு மதிப்பாய்வு கேட்கவும் விதியில் இடம் உண்டு.

"பயப்படாதே. இப்பவே நான் மாடிக்குப் போய்ப் பேசறேன்" என்றேன். "வேதியியல் பேராசிரியரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். வார்த்தையில் வந்த குழப்பம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்."

"புரிஞ்சிக்குவாரு மாமா. ஐயோ பாவம்னு சொல்லுவாரு. அப்புறமும் அனுப்பிருவாரு. மருந்து ரெண்டு தடவ வேல செய்யலதான?"

சரியான கேள்வி. எனக்குத் தோன்றாதது.

"அது ஏன் வேலை செய்யவில்லை என்று உனக்குத் தெரியுமே" என்றேன். "என் கருவியில் நீதானே பார்த்தாய்?"

போன மாதம் முழுக்க அவள் குப்பிகளோடு நிலவறைக்கு வந்துகொண்டிருந்தாள். செல்களை வளர்க்கும் திரவத்தில் மருந்தைக் கலந்து உடனே வைத்தால் ஒரே எடை காட்டும். அதே குப்பியை மறுநாள் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு எடை எழும்பும். கூடுதல் சரியாகப் பதினெட்டு. ஒரு தண்ணீர் மூலக்கூறின் எடை. மருந்தின் மூலக்கூறில் ஒரு வளையம் இருக்கிறது. அது திரவத்தில் கிடந்தால் தண்ணீரைக் குடித்து உடைந்துபோகிறது. புதிதாகக் கலந்த நாட்களில் மருந்து வேலை செய்தது. முந்தின நாள் கலந்ததை எடுத்துப் போட்ட நாட்களில் செய்யவில்லை. அவளுடைய தேதிகளும் அதையே சொல்லின. இதை அவள் வழிகாட்டிகளிடம் எப்போதோ சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"கூட்டத்தில் இதைச் சொல்லவில்லையா?"

"எப்பிடி மாமா சொல்றது? இந்த வளையம் ஒடையவே ஒடையாது, அதுக்குத்தான் இதை எடுத்தோம்னு சார் மொத நாளே சொல்லிட்டாரு. அவுரு அதைப் பத்தி புக்கே எழுதினவரு. மேடம் எதிர்ல நான் எழுந்து நின்னு, சார், நீங்க சொன்னது தப்புன்னு சொல்லணுமா? பாக்கறேன் சார்னுதான் சொல்ல முடிஞ்சிச்சி."

எங்கள் பக்கத்தில் 'பாக்கறேங்க' என்றால் 'என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, உங்களை மறுத்துப் பேச வேண்டாம் என்று பார்க்கிறேன்' என்றும் பொருள் படும். 'சரிங்க' என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதுதான். கேட்கிறவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் மிச்சத்தைப் புரிந்துகொள்வார். இங்கே அவர்கள் 'பாக்கறேன்' என்றதற்கு இவளிடம் பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். 'ஓகே'யை ஓகே என்று எழுதிக்கொண்டார்கள்.

"சரி, அதையும் சேர்த்து நானே சொல்றேன்" என்றேன். "என் கருவியில் வந்த எடைதானே. நான் சொன்னால் எடுபடும்."

காலை ஒரு படி மேலே வைத்துவிட்டேன்.

"வாணாம் மாமா."

திரும்பினேன். சொன்ன வேகத்தில் அவளே வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் தாய்மாமனைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சாப்பாட்டில் இன்னொரு கரண்டி போடும்போதுகூட 'போதுங்க மாமா' என்றுதான் வரும்.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக.

"வாணாம். நீங்க வந்து பேசினா நான் இருப்பேன். ஆனா மாமா வந்து பேசினதால இருக்கறேன்னு ஆயிடும். அதுக்கப்புறம் எத்தினி வருசம் இங்க இருந்தாலும் நான் உங்க மருமவதான். மேடமும் சாரும் என் மூஞ்சியப் பாத்து கேட்டாங்க. நான்தான போய் சொல்லணும்?"

என் சாதிச் சான்றிதழுக்காக அப்பா என்னை விழுப்புரம் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப்போன நாள் நினைவுக்கு வந்தது. அப்பா பேசவில்லை. தெரிந்த வாத்தியார் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நான். சான்றிதழ் கிடைத்தது. யாருக்காக வந்தோம் என்று அந்த அதிகாரி கடைசிவரை என்னைப் பார்க்கவில்லை. காரியம் ஆகும் வழி அதுதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்து, இந்த நாட்டில், அதே வாத்தியாரின் இடத்தில் போய் நிற்கத்தான் படியேறினேன் போலிருக்கிறது.

காலைக் கீழே எடுத்துவைத்தேன்.

"என்ன சொல்லுவே?"

"தெரியல. நோன்னு ஆரம்பிக்கணும். அது வந்துட்டா மிச்சம் வந்துரும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும். அதுதான் பேஜாரு."

"அதையாவது நான்..."

"மாமா."

"சரிங்க" என்றேன். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

6

மாலையில் வீட்டுக்கு வந்து என் மகனிடம் சொன்னேன். பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். பாதி கேட்டதுமே, "எம்.ஃபில்லா? ஐயோ, அவளை ஏன் அனுப்புகிறார்கள்?" என்றான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்தான் படிக்கிறான். அவனுக்கு அந்தச் சொல் பிறந்த வீட்டுச் சொல். அவளுக்கு நான் அதை மாடிப்படியில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. லட்டுக் கதையைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஸாரி அப்பா" என்றான். அது மட்டும் தமிழ் மாதிரி ஒலித்தது.

அற்புதம் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஸ்டெல்லா அவளிடம் பேசிவிட்டாள் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது. லட்டு தின்றவர்களிடம் என்ன சொல்வாள், ஃபாதரிடம் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே கஞ்சி வடித்தேன். சோறு குழைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் கெட்டிலைப் போடவில்லை. வெப்பமானியைப் பார்க்கவில்லை. நேராகச் செல்பேசியை எடுத்தேன். லூர்து ஒரு படம் அனுப்பியிருந்தார்.

தெருமுனையில் இரண்டு மூங்கில் கழிக்கு நடுவில் பேனர் நிற்கிறது. வெள்ளைக் கோட்டு போட்ட ஸ்டெல்லாவின் படம். அதற்கு இரண்டு பக்கமும் புறா. கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள். எம்.எஸ்சி. இருக்கிறது. அடுத்தது இருந்த இடத்தில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் பசை வழிந்து காயாமல் மின்னுகிறது. அதற்கு அடுத்து, அடைப்புக்குறிக்குள், பிஎச்.டி. அதை யாரும் தொடவில்லை.

கூடவே அவருடைய குரல் பதிவு:

"மச்சான், கழட்டிப் போட்றலாம்னுதான் விடிகாலைல ஏணி வெச்சி ஏறினேன். உன் தங்கச்சி கீழ நின்னுக்கினு கத்துது, கழட்டாத, நடுவுல கீறத மட்டும் மறைன்னு. பொண்ணு ராத்திரி அப்பிடித்தான் சொல்லிச்சாம். அடைப்பு அப்பிடியே கெடக்கட்டும்னு. தெருவுல கேட்டா, இன்னா லட்டு, தின்னுட்டியில்ல, மறுக்கா தருவோம் போன்னு சொல்லிக்கினு கீது. நீ ஒண்ணும் பயப்படாத. அங்க இன்னா ஆச்சின்னு மட்டும் சொல்லு."

அதன் கீழே ஸ்டெல்லாவின் ஒரு வரி: 'எட்டரைக்குக் கதவைத் தட்டப் போறேன். நீங்க அந்தப் பக்கம் வராதீங்க மாமா.'

வழக்கமாக நான் வேதியியல் மாடியில் தபால் எடுத்துக்கொண்டுதான் கீழே இறங்குவேன். அன்று கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாக நிலவறைக்குப் போனேன். கருவியை எழுப்பினேன். அது சூடேறி நிதானத்துக்கு வர அரை மணி ஆகும். அந்த அரை மணியில் மேலே எந்தக் கதவு திறந்தாலும் மூடினாலும் எனக்குக் கேட்டது போலிருந்தது. நான்காவது மாடியின் கதவு நிலவறைக்குக் கேட்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பது மணிக்குப் படியில் இரண்டு பேரின் காலடிச் சத்தம். வேதியியல் பேராசிரியர் நிலவறைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாணவர்களைத்தான் அனுப்புவார். வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காது சிவந்திருந்தது. கோபமா, குளிரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா வந்து, முன்னால் நின்றாள். கையில் இரண்டு குப்பிகள்.

"உடைகிறது என்கிறாள்" என்றார் அவர் என்னிடம். பிறகு அவளிடம், "முதலில் புதியதை வைப்போம். அது சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கலாம்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நோ, சார்" என்றாள். "நேற்றையதை முதலில் வைக்க வேண்டும். உடைந்தது அதில்தான் இருக்கிறது."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நேற்றைய குப்பியை அவள் என்னிடம் நீட்டினாள். அன்றைய முதல் மாதிரியாக அதை வைத்தேன்.